அமாவாசைப் பூச்சி மருந்து

குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுக்கும்போது அதன் வாயில் தீனி இருக்கக் கூடாது. ஒரு வாய் புல் இருந்தாலும் மருந்தை அதோடு சேர்த்து உருட்டி வெளியே தள்ளிவிடும். அதனால் முதலில் உதட்டோரமாகக் கட்டைவிரலை நுழைக்க வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல் இல்லாத இடம் ஒன்று உண்டு. அங்கே அழுத்தினால் வாயைத் திறக்கும். உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மருந்துக் குழாயை அதே வழியாக விட்டு, நாக்கின் அடிப்பக்கத்தில் படுகிற மாதிரி தள்ள வேண்டும். தள்ளியதும் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். விழுங்கும்வரை விடக் கூடாது.

பதினைந்து வருஷமாகச் செய்கிறேன். ஒரு குதிரைகூட என் கையில் மருந்தைத் துப்பியதில்லை. அந்தக் குட்டியும் துப்பவில்லை. துப்பியிருக்கலாம்.

நான் சுரக்குடியில் பிறந்தவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. மாடு மேய்த்தேன், நாற்று முடி சுமந்தேன். பிறகு காரைக்காலில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் முதலாளியின் தென்னந்தோப்புக்குக் காவலாக வந்தேன். தோப்பு கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம், கடலை ஒட்டி இருக்கிறது. காற்றடித்தால் மீன் வாடையும் உப்பும் சேர்ந்து வரும். நான் வந்த இரண்டாம் வருஷம் முதலாளி ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினார். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிப்போக ஊரில் குதிரைக்குக் கிராக்கி இருந்தது. பிறகு செவலை நிறத்தில் ஒரு பெட்டை வந்தது. அது சாயங்காலத்தில் பீச்சில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றும். தோப்புக் காவலாக வந்த நான் அப்படியே குதிரைக்காரன் ஆகிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

எனக்கு ஆட்களோடு பேச வராது. கடையில் என் முறை வந்த பிறகும் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிடுவேன். பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்க வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். என் மனைவி இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். "பொறந்தப்பவே ஊமைன்னு எழுதிக் குடுத்திருந்தா பென்ஷனாவது வந்திருக்கும்" என்பாள். குதிரையிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பேன். அது பதில் கேட்காது.

முதலாளியின் தம்பி துபாயில் ஓர் அரபி வீட்டுக் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர்தான் ஊருக்கு வருகிற ஆட்களிடம் பூச்சி மருந்து கொடுத்தனுப்புவார். ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி பருமனான வெள்ளைக் குழாய். உள்ளே களிம்பு. தள்ளுகிற கோலில் கோடு கோடாக எண்கள் இருக்கும். இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். நூறு, இருநூறு என்று அறுநூறு வரை போகும். அது என்ன கணக்கு என்று நான் கேட்டதில்லை.

முதல் முறை குழாய் வந்தபோது முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எப்பப்பா குடுக்கறது?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னேன்.

"அமாவாசை அன்னிக்குக் குடுத்தா நல்லதுங்க."

எங்கள் வீட்டில் அப்படித்தான். அமாவாசை காலையில் அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி எங்கள் ஐந்து பேருக்கும் வாயில் திணிப்பாள். அன்றைக்குப் பூச்சியெல்லாம் மேலே ஏறி வாயைத் திறந்துகொண்டு நிற்குமாம். மருந்து நேராக அதன் வாயில் விழுமாம். அம்மா சொன்னது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

முதலாளி சிரித்தார். "உங்களுக்கு அமாவாசை, அதுக்கு மறுநாளோ அதுக்கடுத்த நாளோ எங்களுக்குப் பிறை. ரெண்டு பேருக்குமே மறக்காது. நல்ல யோசனைதான்" என்றார். பிறகு அவருடைய யோசனையைச் சொன்னார். "ஆனா மாசா மாசம் குடுக்கறதுக்கு முழுக் குழாய் எதுக்கு? ஒண்ணை ரெண்டு அமாவாசைக்கு வெச்சுக்க. மருந்துதானே, கொஞ்சம் போனாலும் கேக்கும்."

இப்படி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கினோம். வெள்ளைக்குக் கொஞ்சம், செவலைக்குக் கொஞ்சம், குட்டி இருந்தால் அதற்குச் சுண்டு விரல் நுனி அளவு. மிச்சக் குழாயை மூடி ஓட்டுச் சார்பில் செருகி வைப்பேன். அடுத்த அமாவாசைக்கு எடுப்பேன். ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. நான் ஆயுசில் கேட்காமல் சொன்ன யோசனை அது ஒன்றுதான். அது அப்படியே நிலைத்துவிட்டது.

செவலை இங்கே வந்து மூன்று குட்டி போட்டது. முதல் இரண்டும் ஒரு வயசானதும் விலைக்குப் போய்விட்டன. மூன்றாவதை விற்பதில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். வெள்ளைக்கு வயசாகிவிட்டது. குட்டியும் வெள்ளையாக வரும் என்று அவர் எதிர்பார்த்தார். அதன் அடிமயிர் அப்போதே வெளுக்க ஆரம்பித்திருந்தது. "இன்ஷா அல்லாஹ், என் பேரன் கல்யாணத்துக்கு இதுதான்" என்பார். பேரனுக்கு அப்போது நாலு வயசு.

எனக்கு அது வெள்ளையாக வந்தாலும் ஒன்றுதான், கறுப்பாக வந்தாலும் ஒன்றுதான். பிறந்தபோது அதன் மூக்கில் ஒட்டியிருந்த சவ்வை நான்தான் துடைத்தேன். என் தோளில் கிடக்கும் துண்டை எங்கே கண்டாலும் பல்லால் கவ்வி இழுக்கும். விடாமல் இழுத்தால் நானும் கூடவே போக வேண்டும். வாளிச் சத்தம் கேட்டால் தாயை விட்டுவிட்டு ஓடி வரும். ஐந்தாறு மாசம்வரை அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு வயிறு மட்டும் பெருத்தது. முதுகெலும்பு தெரிந்தது, விலா தெரிந்தது, கீழே வயிறு பானை மாதிரி தொங்கியது. பீச்சுக்கு வருகிறவர்கள் "குட்டிக்கு நல்ல தீனி போல" என்பார்கள். முடி பளபளப்பு போய்த் தேங்காய் நார் மாதிரி நின்றது. அடிக்கடி இருமியது. துண்டை இழுப்பது குறைந்தது.

ஒரு நாள் அது போட்ட லத்தியை அள்ளும்போது உள்ளே ஒரு புழுவைப் பார்த்தேன். வெள்ளையாக, ஒரு சாண் நீளம், பென்சில் பருமன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா, மருந்து வேலை செய்யுது. வெளிய வருது பாரு" என்றார்.

மருந்து கொடுத்து இருபது நாள் ஆகியிருந்தது. புழு நெளிந்துகொண்டிருந்தது. செத்து வந்த புழு நெளியுமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. லத்தியைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய்த் தென்னம்பாத்தியில் கொட்டினேன். எங்கள் தோப்பில் லத்தி முழுக்கத் தென்னைக்குத்தான். போட்ட இடத்தில் புல் கொழுகொழு என்று வரும். குதிரைகளை அங்கே கொண்டுபோய் மரத்தில் கட்டி மேயவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்தேன். வெளியே வந்ததை எல்லாம் திரும்ப உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

குட்டி தீனியைப் பாதி பாதியாக விட ஆரம்பித்ததும் முதலாளியே சொன்னார். "மாட்டாஸ்பத்திரியில போயி அந்த டாக்டரம்மாவைக் கேட்டுட்டு வா."

செவ்வாய்க்கிழமை காலையில் கழுவின பால் கவரில் லத்தியைப் போட்டுக் கட்டி, மொபெட் பிடியில் மாட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் ஆடு, நாய், கோழி என்று கூட்டம். எல்லோரும் போன பிறகு டாக்டரம்மாவே வெளியே வந்து, "நீங்க காலையிலேருந்து நிக்கறீங்களே, என்ன?" என்று கேட்டார். கவரை நீட்டினேன்.

அவர் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, வடிகட்டி, கண்ணாடித் துண்டில் வைத்துக் கருவியில் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக, தடித்த ஓட்டோடு, கேழ்வரகு கொட்டின மாதிரி இருந்தது.

"எல்லாம் முட்டை" என்றார். "மருந்தே குடுக்கறது இல்லையா?"

"மாசா மாசம் குடுக்கறோங்க."

"மாசா மாசமா? யாரு சொன்னா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எவ்வளவு குடுப்பீங்க?"

சுண்டு விரலைக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோபம் இல்லை, களைப்புதான். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அவர் நிதானமாக விளக்கிச் சொன்னார். குழாயில் இருக்கிற எண் குதிரையின் எடைக் கணக்கு. எடைக்கு ஏற்ற அளவு ஒரே தடவையாகக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் பலம் இல்லாத புழு சாகும், பலமுள்ளது பிழைக்கும். பிழைத்தது முட்டை போடும். மாசா மாசம் அப்படிச் செய்தால் கடைசியில் அந்த மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தான் மிஞ்சும்.

"உங்க தோப்புல இப்ப இருக்கறது எல்லாம் அதுங்கதான். நீங்களே வளத்து விட்டிருக்கீங்க" என்றார்.

பிறகு குரலை மாற்றிச் சொன்னார். அந்தச் சொற்கள் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

"நல்லாக் கேட்டுக்கங்க. குட்டி வயித்துல புழு அடைசலா இருக்கு. பயந்துகிட்டு வேற மருந்தை வாங்கி ஒரே அடியாக் குடுத்துடாதீங்க. எல்லாம் ஒண்ணாச் செத்தா குடல்ல அடைச்சுக்கும், குட்டி போயிடும். மெதுவா வேலை செய்யற மருந்து நான் வரவழைச்சுத் தர்றேன். வெள்ளிக்கிழமை வாங்க. அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. முதலாளிகிட்ட சொல்லிடுங்க. சொல்லுவீங்கல்ல?"

"சொல்லிடறேங்க."

வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படித் தொடங்கினாலும் ஓர் இடத்தில் வந்து நின்றது. அமாவாசை என்று சொன்னது நான். அரைக் குழாய் என்று சொன்னது அவர். டாக்டரம்மா இரண்டும் தப்பு என்று சொல்லிவிட்டார். என் தப்பைச் சொல்லிவிடலாம். அவருடையதை எப்படிச் சொல்வது?

தோப்பில் முதலாளி தனியாக இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளையைப் பேசிவிட்டுப் போக மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம குதிரைக்கு எல்லாம் துபாய் மருந்துதான். மாசம் தவறாது. ஊர்ல எவன் செய்வான்?" என்றார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டான் நம்ம குதிரை டாக்டர். என்னப்பா, என்ன சொன்னாங்க அந்த அம்மா?" என்றார்.

வந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லீங்க. வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க."

"பாத்தீங்களா, ஒண்ணும் இல்லையாம்" என்று அவர்களிடம் திரும்பிக்கொண்டார்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவர்கள் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர்கள் போகும்போது அவரும் அவர்கள் காரிலேயே ஏறிப்போய்விட்டார். போனில் சொல்லலாம். போனில் நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை, அவர் கூப்பிட்டால்தான் எடுப்பேன். மறுநாள் புதன்கிழமை தோப்புக்கு வந்தார். தேங்காய் வெட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அவர் பின்னாலேயே இரண்டு தடவை போனேன். "என்ன?" என்று திரும்பினார். "டீ வாங்கியாரட்டுங்களா?" என்று கேட்டேன். வாங்கி வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "என்கிட்ட இவ்வளவு தெளிவா சொல்றீங்களே, இதையே அங்க போய்ச் சொல்ல என்ன கேடு?" என்றாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

நாளைக்கு வியாழக்கிழமை. அமாவாசை.

நான் போகும்போதே முதலாளி தோப்பில் இருந்தார். கையில் ஒரு புதுக் குழாய். வழக்கமான வெள்ளை இல்லை, நீலத்தில் கோடு போட்டது. முதல் நாள் வந்திறங்கிய சொந்தக்காரரிடம் தம்பி கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"இது வேற மருந்து. குட்டி வயிறு பெருத்திருக்குன்னு தம்பிகிட்ட சொன்னேன். இதைக் குடு, ஒரே தடவையில வயிறு சுத்தமாயிடும்னான். இதைக் கொறைச்சுக் குடுக்காதேன்னும் சொன்னான். குட்டிக்கு என்ன அளவோ அதை முழுசாக் குடுத்துடுவோம்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முழு அளவு கொடுக்கச் சொன்னார்.

"முதலாளி, வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை குடுத்துக்கலாங்களா..."

"இன்னிக்குதானேப்பா அமாவாசை? நீதானே சொன்ன, அமாவாசைக்குத்தான் குடுக்கணும்னு. இப்ப நீயே மாத்தறியா?" என்று சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். "வா, தலையைப் பிடி."

பிடித்தேன்.

கட்டைவிரலை நுழைத்தேன், வாய் திறந்தது. உள்ளே தீனி இல்லை. குட்டிக்குப் பசி இல்லாமல் இரண்டு நாள் ஆகியிருந்தது. முதலாளி குழாயை வைத்துத் தள்ளினார். மஞ்சளாக ஒரு களிம்பு. நான் தாடையைத் தூக்கிப் பிடித்தேன். தொண்டையில் அது இறங்குவது என் விரலுக்குத் தெரிந்தது. அப்போதும் விட்டிருந்தால் துப்பியிருக்கும். பழக்கம் இருக்கிறதே, கை விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குட்டி படுத்துக்கிடந்தது. எழுந்திருக்கும், காலால் மண்ணைப் பறிக்கும், தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்க்கும், மறுபடி விழுந்து புரளும். கழுத்தெல்லாம் வேர்வை. செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு கனைத்தபடி நின்றது.

மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "கரெக்டா வந்துட்டீங்க. இந்தாங்க, எப்படிக் குடுக்கணும்னு சொல்றேன்."

நான் வாங்கவில்லை. "குட்டி படுத்துடுச்சுங்க" என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் என் பின்னால் வந்தார். வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டு வயிற்றிலிருந்ததை வெளியே எடுத்தார். பச்சைத் தண்ணீரோடு சின்னச் சின்னப் புழுக்கள் வந்து வாளியில் விழுந்தன. அவித்த சேமியா மாதிரி.

முதலாளி தொழுகைக்குப் புறப்பட்டு வந்தவர், தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றிருந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன குடுத்தீங்க?"

அவர் நீலக் கோடு போட்ட குழாயைக் காட்டினார்.

"நான்தான் எதையும் குடுக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினேனே!"

"எப்ப சொன்னீங்க? யாருகிட்ட?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியும் என்னைப் பார்த்தார். நான் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"சொன்னாங்களாப்பா?"

"சொன்னாங்க."

"நீ சொல்லலையே."

அவ்வளவுதான். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. வயிற்றைத் திறந்து எடுக்க வழி உண்டா என்று டாக்டரம்மாவைக் கேட்டார். அதற்குச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், வழி தாங்காது என்று அவர் சொன்னார். முதலாளி ஜும்ஆவுக்குப் போனார். திரும்பி வரும்போது குட்டி செத்திருந்தது.

டாக்டரம்மா வயிற்றைக் கீறிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு முழ நீளத்துக்குக் குடல் கட்டையாக விறைத்துப்போய் இருந்தது. அதைப் பிளந்தபோது உள்ளே இடமே இல்லை. புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வடக்கயிறு மாதிரி திரண்டிருந்தன. "மருந்து நல்ல மருந்துதான். எல்லாத்தையும் கொன்னிருக்கு" என்றார் அவர்.

தோப்பின் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். செவலை மூன்று நாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. மடியில் பால் கட்டிக்கொண்டது. அதற்கு ஒத்தடம் கொடுத்ததும் நான்தான்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்புவார் என்று நினைத்தேன், அனுப்பினால் நல்லது என்றும் நினைத்தேன். பழையபடியே "என்னப்பா" என்றுதான் கூப்பிட்டார். ஆனால் எதையாவது கேட்டுவரச் சொல்லி அனுப்பினால், நான் வந்து சொன்ன பிறகு, "அவ்வளவுதானே? வேற ஒண்ணும் சொல்லலையே?" என்று ஒரு தடவை கேட்பார். இன்றைக்கும் கேட்கிறார்.

டாக்டரம்மா போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். மற்ற இரண்டுக்கும் எடை தெரியாமல் இனி ஒரு பொட்டு மருந்து கொடுக்கக் கூடாது. லத்தியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னால்தான் கொடுக்க வேண்டும். லத்தியைப் பாத்தியில் போடக் கூடாது, அள்ளித் தூரக் கொண்டுபோக வேண்டும்.

எடை. குதிரையை எதில் நிறுப்பது? யோசித்து யோசித்து எனக்குக் கீழவாஞ்சூர் ஞாபகம் வந்தது. துறைமுகத்துக்கு வருகிற நிலக்கரி லாரிகளுக்காக அந்தச் சாலையில் எடைமேடை இருக்கிறது. லாரி ஏறி நின்றால் எடை காட்டும். அங்கே போய், அத்தனை டிரைவர்கள் முன்னால், குதிரையை நிறுத்துப் பார்க்கணும் என்று கேட்க வேண்டும்.

அடுத்த அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணம். இரண்டு குதிரையையும் கொண்டுபோயிருந்தோம். மறுநாள் காலையில் தோப்புக்குத் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடத்திக்கொண்டு போனேன். லாரிகளுக்கு நடுவில் வரிசையில் நின்றேன். நிலக்கரித் தூசி விழுந்து வெள்ளைக் குதிரை சாம்பல் நிறமாகிவிட்டது.

"அண்ணே, லோடா, காலியா?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"டீசலா பெட்ரோலான்னு கேளுடா" என்றார் இன்னொருவர்.

என் முறை வந்தது. பின்னால் நின்ற லாரியை முன்னே விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விடவில்லை. ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "வண்டி நம்பர்?" என்றார்.

"குதிரைங்க" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "அது தெரியுது. நம்பர் போடாம மெஷின்ல சீட்டு வராதே. சரி, ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுக்கறேன். ஏத்துங்க."

செவலை இரும்புத் தகட்டில் கால் வைக்க மறுத்தது. நானும் கூட ஏறினால்தான் ஏறியது. வெள்ளையும் அப்படித்தான். ஜன்னல்காரர் கத்தினார். "நீங்களும் சேந்து விழறீங்க! அப்புறம் தனியா ஏறி நில்லுங்க, கழிச்சுக்கலாம்."

லாரிக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, அந்த நீளமான மேடையில் நான் மட்டும் தனியாக ஏறி நின்றேன். "அறுபது" என்றார். யாரோ கை தட்டினார்கள். மூன்று சீட்டையும் வாங்கிக்கொண்டு ஓரமாக வந்து கழித்துப் பார்த்தேன். செவலை முந்நூற்று நாற்பது. வெள்ளை முந்நூற்று இருபது. ஐந்தாவது வரை படித்ததில் அந்தக் கழித்தல் மிச்சம் இருந்தது. ஒரு குழாய்க்கு அறுநூறு. அதில் பாதி முந்நூறு. முந்நூற்றை மூன்று உயிருக்குப் பங்கு போட்டிருக்கிறோம். எத்தனை அமாவாசை என்று எண்ணத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அமாவாசை அன்று காலையில் முதலாளி தோப்புக்கு வந்தார். இந்தத் தடவையும் அவர் தனியாக இல்லை. கடைக்கு வந்த இரண்டு வியாபாரிகள் கூட வந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சார்புக்குப் போய், செருகியிருந்த பழைய குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். "வாப்பா, தலையைப் பிடி" என்றார்.

சீட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

"இன்னிக்கு வேண்டாங்க முதலாளி. அமாவாசைக்குக் குடுக்கறதே தப்பாம். எடைக்குத் தகுந்த மாதிரி முழுசாக் குடுக்கணுமாம், நாம குடுத்தது பாதிக்கும் கொறைவு. டாக்டரம்மா லத்தியைப் பாத்துட்டுச் சொன்னப்புறம் குடுக்கலாங்க."

இளநீர் குடித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி சீட்டை வாங்கிப் பார்த்தார். "கீழவாஞ்சூர்லயா போட்ட?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

"சரி, வேண்டாம்னா வேண்டாம்" என்றார். குழாயை என் கையில் கொடுத்தார். "அந்த அம்மா சொல்றபடியே செஞ்சுடு." பிறகு வந்தவர்களிடம் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

அவ்வளவுதான். அவர் முகம் சுளிக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. ஒரு மடக்கு இளநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

செவலை என் கையில் குழாயைப் பார்த்துவிட்டுத் தலையை மேலே தூக்கிப் பல்லை இறுக்கிக்கொண்டு நின்றது. இன்றைக்கு இல்லை, இன்றைக்கு இல்லை என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது நம்பவில்லை.